உப்புத் தண்ணீருக்கு ஒரு கிலோ உப்பு

ஜனவரி 18, ஞாயிறு

மதியம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தபோது சமையலறை திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மழை என்று நினைத்துக் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினேன். மழை இல்லை. ஒரு வண்டி. வீட்டு ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து இவர் இறங்கினார்.

கேரவன் என்கிறார். சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்களே, அதுதான். யாரோ பயன்படுத்திக் கழித்துவிட்டது. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, குளியலறை, சுற்றிலும் பல்பு வைத்த ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடியின் மூலையில் யாரோ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருக்கிறது.

இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர்களுக்கு விபத்து வரும் என்று சொல்லியே பிழைத்தவர், ஓய்வு பெற்றதும் எனக்கென்று ஒரு விபத்தை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். இனி நாம் இருவரும் ஊர் ஊராகப் போய் இதிலேயே சமைத்து, இதிலேயே தூங்குவோமாம். இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான். பயண அனுபவங்களை எழுது என்றார். முதல் அனுபவம்: ரசம் தீய்ந்துவிட்டது.

ஜனவரி 19, திங்கள்

நான் பேசவில்லை. அவர் வண்டியைத் துடைத்தார்.

ஜனவரி 20, செவ்வாய்

காரைக்காலில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடும் ஜெசிந்தா என் சிநேகிதியின் மகள். சும்மா இருக்கட்டும் என்று அவளுக்கு வண்டியின் போட்டோ அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன் செய்துவிட்டாள். மண்டபத்து வாசலிலேயே நிறுத்தி மேக்கப் போட இப்படி ஒரு வண்டியைத்தான் தேடுகிறாளாம். மாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் முடிவு சொன்னால் போதும், அத்தை என்றாள்.

இவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது. பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் நானும் விடவில்லை. நான் மயிலாடுதுறைக்காரி. காவிரித் தண்ணீரில் குளித்து வளர்ந்த தலைமுடி இது, இன்றைக்கும் இடுப்புக்குக் கீழே நிற்கிறது. கண்ட ஊர் உப்புத் தண்ணீரில் அதைக் காவு கொடுக்க முடியாது. எனவே ஒரு நிபந்தனை போட்டேன். வருகிறேன், ஆனால் எந்த ஊரிலாவது இந்த வண்டியின் குழாயில் உப்புத் தண்ணீர் வந்தால் அன்றைக்கே வண்டி ஜெசிந்தாவுக்கு.

"உப்பு இருந்தா வித்துடுறேன் நாயகி. சத்தியம்" என்றார்.

இவர் சத்தியம் செய்தால் செய்ததுதான். பொய் சொல்ல வராது. சீட்டுக் கம்பெனிக்காரன் போன் செய்தால் வீட்டில் இல்லை என்று சொல்லத் தெரியாமல், "இருக்கேன், ஆனா உங்களோட பேச இஷ்டமில்ல" என்று சொல்லி வைக்கிற ஆள். ஆக, வண்டி போனது மாதிரிதான். இன்று பால் பாயசம் வைத்தேன். காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 21, புதன்

உலகத்தில் வாட்டர் சாஃப்ட்னர் என்று ஒன்று இருக்கிறதாம். வண்டியிலேயே தூக்கிக்கொண்டு போகிற சின்ன சைஸிலும் கிடைக்கிறதாம். ஊர்த் தண்ணீரை அதற்குள் விட்டு, அது வழியாக வண்டியின் தொட்டியில் நிரப்பினால் தண்ணீர் மெத்தென்று ஆகிவிடுமாம். காலையிலிருந்து போனும் கையுமாக இருக்கிறார். பெண் பார்க்க வந்தபோது என்னைப் பற்றி இவ்வளவு விசாரிக்கவில்லை.

குழாயில் மாட்டுகிற காந்தம் ஒன்று. ஷவரின் தலையில் திருகுகிற வடிகட்டி ஒன்று. அப்புறம் கேஸ் சிலிண்டருக்குத் தம்பி மாதிரி ஒரு நீல உருளை. எது கனம், எதற்குக் கரண்ட் வேண்டும், எது குழாயில் பொருந்தும், எத்தனை குடத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணும் என்று வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் உரக்கப் படிக்கிறார். திட்டி எழுதியவற்றைத்தான் முதலில் படிக்கிறார். ராஜஸ்தானில் யாருக்கோ வாஷர் சரியில்லை என்று இங்கே இவர் உச்சுக்கொட்டுகிறார்.

ஜனவரி 24, சனி

காந்தமும் ஷவர் வடிகட்டியும் வந்துவிட்டன. சோதித்துப் பார்க்க உப்புத் தண்ணீர் வேண்டும். எங்கள் தெருவில் அது கிடையாது.

ஊர் உலகத்தில் எல்லாரும் நல்ல தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். இவர் இரண்டு காலி கேனைத் தூக்கிக்கொண்டு கெட்ட தண்ணீர் கேட்டு நாலு தெரு சுற்றினார். பக்கத்துத் தெரு சாரதா, அண்ணனுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். கடைசியில் அரியலூருக்குப் போன் போட்டார். அங்கே என் தங்கை அம்சவல்லி இருக்கிறாள். சுண்ணாம்புக்கல் பூமி, தண்ணீரும் அதற்குத் தகுந்த மாதிரிதான். அவள் வீட்டுக்காரர் நடனசபாபதி இரண்டு கேன் தண்ணீரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். கோயில் தீர்த்தமா என்று கண்டக்டர் கேட்டாராம். இவருடைய சகலை ஆமாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஜனவரி 27, செவ்வாய்

பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். நுரை வந்தால் நல்ல தண்ணீர், திரிதிரியாகப் போனால் உப்புத் தண்ணீர். வாசலில் நின்று குலுக்கினார். தெருப் பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக்கொண்டு குலுக்கினார்கள்.

காந்தம் போட்டுக் குலுக்கினால் திரிதிரி. காந்தம் இல்லாமல் குலுக்கினாலும் திரிதிரி. காந்தத்தை இப்போது பிரிட்ஜ் கதவில் மாட்டி கரண்ட் பில்லைச் சொருகி வைத்திருக்கிறேன், நன்றாகப் பிடிக்கிறது. ஷவர் வடிகட்டி பார்க்க அழகாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இங்கே உங்க பருப்பு வேகாது என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று அரியலூர்த் தண்ணீரில் பருப்பையும் போட்டுப் பார்த்தேன். நிஜமாகவே வேகவில்லை. நீல உருளைக்கு ஆர்டர் போட்டுவிட்டார்.

ஜனவரி 29, வியாழன்

உருளை வந்தது. கூடவே ஒரு சண்டையும் வந்தது.

உள்ளே ரவை மாதிரி மஞ்சள் மணிகள் இருக்கின்றன. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறையப் பிடித்துவிட்டால் வேலை செய்யாது. அப்போது அதற்குள் ஒரு கிலோ உப்பைப் போட்டு மெதுவாகத் தண்ணீர் விட்டால், பிடித்ததையெல்லாம் விட்டுவிடுமாம். பிறகு கழுவி விட்டு மறுபடி பயன்படுத்தலாமாம். இதைச் சொல்லிவிட்டு என் உப்பு ஜாடியை எடுக்கக் கை நீட்டினார்.

"உப்புத் தண்ணிய நல்லதாக்க உப்பு போடணும்னு சொல்றீங்களே, நான் என்ன பைத்தியமா?"

இந்த உப்பு வேறு, அந்த உப்பு வேறு என்றார். எங்கள் ஊரில் ஒரே உப்புதான். நுரைக்காத தண்ணீரும் உப்புத் தண்ணீர், நாக்கில் கரிக்கிற தண்ணீரும் உப்புத் தண்ணீர். அவர் ஒரு மணி நேரம் விளக்கினார். நான் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். முடிவில் கடைக்குப் போய்த் தூள் உப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

ஜனவரி 30, வெள்ளி

இன்று சாம்பார் கடல். ஒரு வாய் வைத்ததும் இருவரும் தட்டை நகர்த்தினோம். நான் போட்டது வழக்கமான உப்புதான். இவர் உருளையில் உப்பைப் போட்டவர், அதைக் கழுவி விட மறந்து, அந்தத் தண்ணீரைப் பிடித்து அடுப்படியில் வைத்திருக்கிறார். தானாகவே ஒத்துக்கொண்டார். நான் கேட்கக்கூட இல்லை.

ஜனவரி 31, சனி

நன்றாகக் கழுவிய பிறகு அரியலூர்த் தண்ணீரை விட்டுக் குலுக்கினார். பாட்டில் வாய் வரைக்கும் நுரை. தெருப் பிள்ளைகள் கை தட்டினார்கள். பருப்பும் வெந்தது, வெண்ணெய் மாதிரி வெந்தது.

சாயங்காலம் ஜெசிந்தா என்ன ஆச்சு என்று போன் செய்தாள். பார்க்கலாம், இன்னும் ஊர்கள் இருக்கின்றன என்று சொன்னேன்.

பிப்ரவரி 2, திங்கள், அரியலூர்

முதல் ஊர், தங்கை வீட்டு வாசல். சொந்த வீட்டுக் கட்டில் போல் வராது, முதுகு வலிக்கிறது என்று எழுத நினைத்தேன். வலிக்கவில்லை. நாளை வலிக்கலாம்.

அம்சவல்லி வண்டியில் குளித்தே தீருவேன் என்று துண்டோடு வந்துவிட்டாள். உள்ளே போனவள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால், "அக்கா, சோப்பு போகவே மாட்டேங்குது, தேய்க்கத் தேய்க்க வழவழங்குது" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. கல்யாணமானதிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீரில் குளித்தவளுக்கு நல்ல தண்ணீரின் வழவழப்பு தெரியவில்லை. சோப்பு என்று நினைத்துக் கழுவிக் கழுவித் தொட்டி முழுவதையும் காலி செய்துவிட்டாள். வெளியே வந்து தலையைத் துவட்டியவள், கூந்தலை முன்னால் போட்டு அதையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். உனக்கென்னக்கா, குடுத்து வச்சவ என்றாள்.

அப்படியொன்றும் இல்லை, வண்டியை விற்கப் போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன், திண்டுக்கல்

பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தித் தூங்கினோம். காலையில் கதவைத் திறந்தால் வெளியே ஒரு கூட்டம். கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருக்க வேண்டும் அல்லவா. முதலில் இவர் லுங்கியோடு, வாயில் பிரஷ்ஷோடு இறங்கினார். கூட்டம் பாதியாகக் குறைந்தது. அடுத்து நான் தலையில் துண்டோடு இறங்கினேன். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீங்க எந்த சீரியல்ல வர்றீங்க?" என்றாள்.

இப்போது எதிலும் இல்லை என்றேன். பொய் ஒன்றும் இல்லையே. மாமியார் வேஷத்துக்கு முகத்தில் நல்ல களை இருக்கிறது என்றாள். இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு அந்தப் பல்புக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை பின்னினேன். இருக்கிற பல்பு வீணாகக் கூடாது. என் சீயக்காய்ப் பை மாட்ட ஒரு கொக்கி அடித்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். சரியாக என் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்திருக்கிறார்.

பிப்ரவரி 6, வெள்ளி

இங்கேயும் தண்ணீர் மோசம்தான். உருளை அதையும் அடக்கிவிட்டது. சின்னக் காகிதப் பட்டை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, நிறம் மாறியதை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார். பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி காட்டுகிறார். இப்படியே போனால் நான் ஜெயிக்க முடியாது.

மதியம் இவர் தூங்கும்போது உருளையோடு வந்த கையேட்டைப் படித்தேன். வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்த மனிதர், செய்தவன் எழுதியதைப் பிரிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: இது தண்ணீரின் கடினத்தைத்தான் எடுக்கும், உப்புச் சுவையை எடுக்காது.

அப்படியா சேதி என்று கையேட்டை மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். இவர் எழுந்ததும், கடற்கரைப் பக்கமாகப் போகலாமே, தொண்டிப் பக்கம் பார்த்ததே இல்லை என்றேன்.

இவர் முகம் அப்படி மலர்ந்தது. "நீயா ஒண்ணு வேணும்னு கேட்டு எவ்வளவு நாளாச்சு நாயகி" என்றார். உடனே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு என்னவோ போல இருந்தது. மதியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு, காரைக்குடி

செட்டிநாட்டு ஓட்டலில் சாப்பிட்டோம். வண்டியைச் சுற்றி மறுபடி கூட்டம். நல்லவேளை, பட்டுப்புடவை கட்டியிருந்தேன். தற்செயலாகத்தான் கட்டினேன்.

நான் எழுந்திருப்பதற்குள் தண்ணீர் பிடித்து, எனக்கு வெந்நீர் போட்டு, முதல் டம்ளர் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் இவர் காபியே குடிக்கிறார். அரியலூரிலிருந்து தினமும் அப்படித்தான். இன்று காலை, தொண்டிக்குப் பதில் வேறெங்காவது போனால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். "நீ ஆசைப்பட்டுக் கேட்ட ஊரு, அத விடுறதா" என்றார்.

நல்ல ஆளிடம் மாட்டினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய், தொண்டிக்குத் தெற்கே

கடலோரத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் சந்தியாகு, இவரிடம் பாலிசி எடுத்தவர். வண்டியை நிறுத்த இடம் கொடுத்தவர், கிணற்றைக் காட்டும்போதே எச்சரித்துவிட்டார். இது ஆடு மாடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும் தண்ணீர், குடிக்க நாங்கள் லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம் என்றார். இவர் சிரித்துக்கொண்டே மிஷின் இருக்கு என்று உருளையைத் தட்டிக் காட்டினார்.

புது உப்புப் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழுவினார், ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிணற்றுத் தண்ணீரை விட்டார். பட்டை நல்ல நிறம் காட்டியது. பாட்டிலைக் குலுக்கினார், நுரை பொங்கி வந்தது. சந்தியாகுவே அசந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் என்னிடம் கொண்டுவரும் முதல் டம்ளரைத் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

நின்றுவிட்டார். இன்னொரு வாய் குடித்தார். சந்தியாகு போன பிறகு என் எதிரே வந்து டம்ளரைக் கண்ணாடி முன்னால் வைத்தார்.

"உப்பு நாயகி. நல்லாவே கரிக்குது. நான் தோத்துட்டேன்."

ஜெசிந்தா இன்றைக்குள் பதில் கேட்டிருந்தாள். சொன்னால் சொன்னதுதான் என்று இவரே போனை எடுத்தார். எண்ணைத் தேடும்போது இன்னொரு கை சும்மா இருக்காமல், எனக்காக அடித்த கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தது. அது இவருக்கே தெரியவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து இந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம், அது வரவில்லை. எனக்கு இந்த வண்டி வேண்டும். இந்தக் கண்ணாடி வேண்டும், யாரோ ஒட்டிய அந்தப் பொட்டு வேண்டும், சீரியல் என்று நினைத்துக் கையைப் பிடிக்கிறவர்கள் வேண்டும். எல்லாவற்றையும் விட, வெந்நீர் போட்டுவிட்டு வெளியே தனக்குத்தானே பாடிக்கொண்டு குழாயைச் சுருட்டுகிற இந்த மனிதர் வேண்டும். வீட்டில் இவர் பாடி நான் கேட்டதே இல்லை.

டம்ளரை எடுத்து மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தேன். அப்படி ஒரு கரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இருமல் என்று சமாளித்தேன்.

"தண்ணி நல்ல தண்ணிதான். நீங்க போட்ட உப்பச் சரியாக் கழுவல" என்றேன்.

"ஒரு மணி நேரம் கழுவினேனே நாயகி."

"கழுவல. அன்னிக்கு சாம்பார்ல பண்ண மாதிரிதான் பண்ணியிருக்கீங்க. தண்ணியோட உப்பு இருந்தாத்தான் வண்டிய விக்கணும்னு பேச்சு. நீங்களாப் போட்ட உப்பெல்லாம் அந்தக் கணக்குல வராது."

இவர் அழுத்திய எண் அதற்குள் கிடைத்துவிட்டிருந்தது. அவர் கையில் இருந்த போனில் ஜெசிந்தா, அத்தை, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாங்கிப் பேசினேன். வேறு வண்டி பார்த்துக்கொள்ளம்மா, இதில் தண்ணீர் ரொம்ப நன்றாக வருகிறது, கொடுக்க மனசில்லை என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

சாயங்காலம் மூன்று இளநீர் குடித்தேன். கடற்காற்றுக்கு நாக்கு வறள்கிறது என்று இவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 11, புதன்

கையேடு எங்கே, கழுவுகிற முறையை ஒருதரம் சரியாகப் படித்துவிடுகிறேன் என்று காலையில் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அதை நேற்றே கடற்கரையில் சுண்டல் விற்கிறவளிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு உருளையை மறுபடி கழுவினார். பாவம், வியர்க்க வியர்க்கக் கழுவினார். தண்ணீர் அப்படியேதான் கரித்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டார். இப்போது சரியாகிவிட்டது என்றேன்.

என் கையிலிருந்து டம்ளரை வாங்கி அவரும் குடித்தார். கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமா. நேத்து நான்தான் சரியாக் கழுவல. இப்ப நல்லாத்தான் இருக்கு."

சீட்டுக் கம்பெனிக்காரனிடம்கூடப் பொய் சொல்ல வராத மனிதர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

சந்தியாகு வீட்டுக்கு வந்த லாரியில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கி அடுப்படியில் வைத்தோம். அதில்தான் காபி போட்டேன்.